162 வயதுப் பையன் ஏன் பள்ளிக்கூடம் போகிறான்? ரத்தக்காட்டேரித் தொடர்களுக்கு ஓர் எளிய அறிமுகம்

விடுமுறைக்கு வந்திருந்த அக்கா மகள் மூன்று நாளாக மடிக்கணினியை விட்டு நகரவில்லை. என்னதான் பார்க்கிறாள் என்று எட்டிப் பார்த்தேன். ஓர் அமெரிக்கப் பள்ளிக்கூடம். முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு ஒரு பையன் வராந்தாவில் நடந்துபோகிறான்.

"இவன் வாம்பயர் மாமா. 162 வயசு."

"162 வயசு ஆளுக்குப் பள்ளிக்கூடத்துல என்ன வேலை?"

"அதெல்லாம் கேக்கக் கூடாது" என்று இயர்போனை மாட்டிக்கொண்டாள்.

அவள் பார்த்துக்கொண்டிருந்தது 'த வாம்பயர் டைரீஸ்'. 2009 செப்டம்பரில் தொடங்கி 2017 மார்ச்சில் முடிந்த தொடர், மொத்தம் 171 பகுதிகள். முடிந்து இத்தனை வருஷம் ஆகியும் புதிதாகப் பார்க்க ஆள் வந்துகொண்டே இருக்கிறது. இது மட்டும் இல்லை. அமெரிக்கத் தொலைக்காட்சியில் அறுபதுகளிலிருந்து ஏதாவது ஒரு ரத்தக்காட்டேரி உலாவிக்கொண்டுதான் இருக்கிறது. மருத்துவமனைத் தொடர், போலீஸ் தொடர், வக்கீல் தொடர் எல்லாம் நீடிப்பது புரிகிறது. அவை நம்மைச் சுற்றி இருக்கிற உலகம். செத்துப்போய் ரத்தம் குடிக்கிற ஒருவன் எப்படி அவற்றோடு போட்டி போட்டு நிற்கிறான்?

எனக்குத் தோன்றுகிற பதில் இது: ரத்தக்காட்டேரியும் தொடர்கதையும் ஒன்றுக்காக ஒன்று செய்துவைத்த மாதிரி. பேய், பூதம், ஓநாய் மனிதன், நடைப்பிணம் என்று எத்தனையோ இருந்தாலும், வாராவாரம் வந்து கதை சொல்லத் தோதான உடம்பும் பசியும் நினைவும் இதற்குத்தான் இருக்கின்றன. அது எப்படி என்று பார்க்கலாம்.

முதலில் பெயர். வாம்பயர் என்பதை நாம் ரத்தக்காட்டேரி என்று தமிழாக்கிவிட்டோம். ஆனால் நம்மூர்க் காட்டேரி வேறு. அது ஒரு பெண் ஆவி; பல ஊர்களில் காட்டேரி அம்மனாகப் படையல் வாங்கிக்கொள்கிற தெய்வம். ஐரோப்பிய வாம்பயர் ஆவி கிடையாது, தெய்வமும் கிடையாது. புதைத்த பிணமே எழுந்து வருவது. தன் சொந்த உடம்போடு, சொந்த முகத்தோடு, சொந்த ஊருக்கே திரும்பி வரும். இந்த 'உடம்போடு வருவது' என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

வேதாளத்துக்கும் இதற்கும் ஒரு வேடிக்கையான தொடர்பு உண்டு. விக்கிரமாதித்தன் வேதாளக் கதைகளை ரிச்சர்ட் பர்ட்டன் என்கிற ஆங்கிலேயர் 1870இல் தன் மொழிக்குக் கொண்டுபோனபோது 'விக்கிரமும் வாம்பயரும்' என்று தலைப்பு வைத்தார். வேதாளம் யார் ரத்தத்தையும் குடிப்பதில்லை. பிணத்துக்குள் புகுந்துகொண்டு கதைதான் சொல்கிறது. பெயர்ப் பொருத்தம் சரியில்லைதான். ஆனாலும் ஒரு விஷயத்தில் பர்ட்டன் அறியாமலே சரியாகச் சொல்லிவிட்டார் என்று நினைக்கிறேன். கதை முடிந்ததும் வேதாளம் மறுபடியும் முருங்கை மரம் ஏறிவிடுகிறது. மறுபடி போய் இறக்க வேண்டும், மறுபடி ஒரு கதை கேட்க வேண்டும். இதற்கு இன்றைய பெயர் சீரியல்.

சரி, வாம்பயர் எங்கிருந்து வந்தது? பங்களாக்களில் இருந்து வரவில்லை. செர்பியக் கிராமங்களில் இருந்து வந்தது. 1725இல் கிசிலெவோ என்ற ஊரில் பீட்டர் பிளாகோயெவிச் என்கிற குடியானவர் இறந்தார். அடுத்த சில நாட்களில் ஊரில் வரிசையாகச் சாவு. செத்துக்கொண்டிருந்தவர்கள், பீட்டர் ராத்திரியில் வந்து கழுத்தை நெரித்ததாகச் சொன்னார்கள். ஊரார் குழியைத் தோண்டினார்கள். உடல் அழுகாமல் இருந்தது, வாயோரம் ரத்தம் இருந்தது என்று அங்கிருந்த ஆஸ்திரிய அதிகாரி எழுதி அனுப்ப, அது வியன்னா செய்தித்தாளில் வந்துவிட்டது. சில வருஷங்களில் மெத்வெஜா என்ற இன்னொரு ஊரில் இதே கதை. அங்கே இறந்தவர் ஆர்னோல்ட் பாவ்லே, வைக்கோல் வண்டியிலிருந்து விழுந்து செத்தவர். ராணுவ மருத்துவர் ஒருவர் நேரில் போய் விசாரித்து 1732 ஜனவரியில் அறிக்கை கொடுத்தார். அந்த வருஷமே 'வாம்பயர்' என்ற சொல் லண்டன் பத்திரிகைகள் வரைக்கும் போய்விட்டது.

ஊரார் பொய் சொல்லவில்லை. கண்ணால் கண்டதைத்தான் சொன்னார்கள், புரிந்துகொண்டதுதான் தவறு. பிணம் அழுகும்போது உள்ளே வாயு சேர்ந்து உடல் உப்பும்; பார்க்க நன்றாகச் சாப்பிட்டுக் கொழுத்த மாதிரி இருக்கும். வாய், மூக்கு வழியாகக் கருஞ்சிவப்பாக நீர் கசியும். தோல் சுருங்குவதால் நகமும் முடியும் வளர்ந்த மாதிரி தெரியும். குளிர்ந்த மண்ணில் அழுகல் மெதுவாக நடக்கும். நெஞ்சில் ஆப்பு அடித்தால் அடைபட்ட காற்று தொண்டை வழியாக வெளியேறி முனகல் மாதிரி சத்தம் வரும். தொற்றுநோய் பரவுகிற ஊரில் இவ்வளவையும் ஒரே இடத்தில் பார்த்தால் யாருக்குத்தான் பயம் வராது? கடைசியில் 1755இல் ஆஸ்திரிய மகாராணி மரியா தெரேசா, தன் மருத்துவரை விட்டு விசாரிக்கச் சொல்லி, இனி யாரும் குழியைத் தோண்டிப் பிணத்தை எரிக்கக் கூடாது என்று சட்டமே போட வேண்டியிருந்தது.

இந்தக் குடியானவப் பிணத்துக்குப் பட்டுச் சட்டை போட்டுவிட்டவர்கள் எழுத்தாளர்கள். 1819இல் ஜான் பொலிடோரி எழுதிய சிறுகதையில்தான் வாம்பயர் முதன்முதலாக லண்டன் விருந்துகளில் கலந்துகொள்கிற பிரபுவாக வருகிறது. 1897இல் பிராம் ஸ்டோக்கரின் டிராகுலா வந்தது. அது எல்லாருக்கும் தெரியும். நடுவில் ஒன்று இருக்கிறது, அதை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. 1845 முதல் 1847 வரை 'வார்னி த வாம்பயர்' என்று ஒரு தொடர்கதை லண்டனில் ஒரு பென்னிக்கு வாராவாரம் விற்றது. 200 அத்தியாயங்களுக்கு மேல். வார்னியை எத்தனை முறை கொன்றாலும் நிலா வெளிச்சம் பட்டதும் எழுந்து உட்கார்ந்துவிடுவான். எழுதுகிறவருக்கு இதைவிட வசதி என்ன வேண்டும்? விற்பனை இருக்கும்வரை நிலாவைக் காட்டிக்கொண்டே இருக்கலாம். கடைசியில் வார்னிக்கே அலுத்துப்போய் வெசூவியஸ் எரிமலைக்குள் குதித்துக் கதையை முடித்துவைக்கிறான். அறுபது வருஷமாக அமெரிக்கத் தொலைக்காட்சிக்காரர்களுக்குப் பயன்படுகிற தந்திரம் எல்லாம் இந்த ஒரு பென்னிக் கதையிலேயே இருக்கிறது.

விதி இல்லாத விளையாட்டு கிடையாது

புதிதாகப் பார்க்கிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது விதிகளை. ரத்தக்காட்டேரிக்கு வெயில் ஆகாது. கண்ணாடியில் உருவம் தெரியாது. நெஞ்சில் மர ஆப்பு அடித்தால் சாகும். அப்புறம் எனக்கு மிகவும் பிடித்த விதி: வீட்டுக்காரர் "உள்ளே வாங்க" என்று கூப்பிடாமல் அது வாசலைத் தாண்ட முடியாது.

இவை எல்லாம் ஆதியிலிருந்து இருந்தவை இல்லை. ஸ்டோக்கரின் டிராகுலா பகலில் லண்டன் தெருவில் நடந்துபோகிறான்; சக்தி குறைந்திருக்கும், அவ்வளவுதான். வெயில் பட்டால் மறைந்துபோவது 1922இல் வந்த 'நோஸ்ஃபெராட்டு' என்ற ஜெர்மன் மௌனப் படத்தின் கண்டுபிடிப்பு. ஒவ்வொரு தொடரும் ஒரு விதியைச் சேர்க்கும், ஒன்றைத் தளர்த்தும். என் மருமகள் பார்க்கிற தொடரில் மந்திர மோதிரம் போட்டுக்கொண்டால் வெயிலில் திரியலாம். பகலில் படப்பிடிப்பு நடத்தியாக வேண்டுமே!

விதிகள் எதற்கு? எல்லாம் முடிகிற ஒன்றை வைத்துக் கதை சொல்ல முடியாது. எதிராளியின் கையில் ஒரு துருப்புச் சீட்டு இருந்தால்தான் அடுத்த பகுதி. அந்த வாசல் விதியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கதவு, அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர். செட் செலவு ஒன்றும் கிடையாது. "உள்ளே வாங்க" என்ற இரண்டு சொல்லை வாய் தவறிச் சொல்லிவிடுவாளோ என்று பார்க்கிறவர்களுக்கு உயிரே போகும். த வாம்பயர் டைரீஸில் இந்த விதியை வைத்து ஒரு சேட்டை செய்திருப்பார்கள். ரத்தக்காட்டேரிச் சகோதரர்கள் இருவரும், கதாநாயகி எலெனாவைக் காப்பாற்றத் தங்கள் வீட்டையே அவள் பேருக்குப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அவள் கையெழுத்துப் போட்டதும் வீட்டுச் சொந்தக்காரர்களே வாசலில் நின்று, "இப்போது எங்களை உள்ளே கூப்பிடு" என்று கேட்க வேண்டிய நிலை. பயமுறுத்துகிற கதைக்குள் பத்திரப்பதிவு வந்து உட்கார்ந்துகொள்கிற அழகுக்காகவே இந்த மாதிரித் தொடர்களை நான் பார்க்கிறேன்.

சீரியலுக்குள் வந்த சவப்பெட்டி

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். 1966 ஜூன் 27 அன்று ஏபிசி தொலைக்காட்சியில் 'டார்க் ஷேடோஸ்' என்ற பகல்நேர சீரியல் தொடங்கியது. தயாரித்தவர் டான் கர்ட்டிஸ். ரயிலில் தனியாகப் போகிற ஒரு பெண்ணைக் கனவில் பார்த்தாராம், அதிலிருந்து பிறந்த கதை. மேய்ன் மாநிலத்தின் கடலோரத்தில் ஒரு பழைய மாளிகை, அதில் காலின்ஸ் என்ற பணக்காரக் குடும்பம், வேலைக்கு வரும் அநாதைப் பெண். இருட்டும் ரகசியமும் இருந்ததே தவிர முதலில் அமானுஷ்யம் பெரிதாக இல்லை. பார்க்கவும் ஆள் இல்லை. தொடரை நிறுத்திவிடுவார்கள் என்ற நிலைமை. போகிற போக்கில் ஒரு பேயை விட்டுப் பார்த்தார்கள், கொஞ்சம் பலன் தெரிந்தது. எப்படியும் மூழ்கப்போகிற கப்பல்தானே என்று 1967 ஏப்ரலில் ஒரு ரத்தக்காட்டேரியை இறக்கினார்கள்.

நகை திருட வந்த ஒருவன் குடும்பக் கல்லறையில் சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கிற சவப்பெட்டியைத் திறக்கிறான். உள்ளேயிருந்து ஒரு கை வந்து அவன் தொண்டையைப் பிடிக்கிறது. அடுத்த நாள் மாளிகை வாசலில், தோளில் நீள மேலங்கி போட்டுக்கொண்டு வெள்ளிப் பூண் போட்ட கைத்தடியோடு, மரியாதையான ஒரு மனிதர் வந்து நிற்கிறார். இங்கிலாந்திலிருந்து வந்திருக்கும் உறவுக்காரர் பார்னபாஸ் காலின்ஸ் என்று அறிமுகம் செய்துகொள்கிறார். கூடத்தில் தொங்குகிற 200 வருஷத்துப் பழைய படத்தில் இருப்பவரும் இவரும் அச்சு அசல் ஒன்று. அடடா, என்ன சாயல், பரம்பரை முகம் என்று எல்லாரும் நம்பிவிடுகிறார்கள்.

அந்த வேஷம் போட்டவர் ஜொனாதன் ஃப்ரிட் என்கிற கனடா நாட்டு நாடக நடிகர். அப்போது அவருக்கு வயது 42. ஷேக்ஸ்பியர் நாடகங்களில் நடித்தவர். திட்டம் என்னவென்றால், சில வாரங்கள் பயமுறுத்திவிட்டு நெஞ்சில் ஆப்பு அடித்துக் கதையை முடிப்பது. நடந்தது வேறு. கடிதங்கள் குவிந்தன. பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார்கள், தொடர் பிற்பகலில் ஒளிபரப்பானதால். ஆப்பு அடிக்க முடியவில்லை. ஆனால் கொலைகாரனையே தினமும் காட்டிக்கொண்டும் இருக்க முடியாதே. அதனால் அவனுக்கு ஒரு வலியைக் கொடுத்தார்கள். ஜூலியா ஹாஃப்மன் என்ற பெண் மருத்துவர் வந்து, இது ரத்தத்தில் இருக்கிற நோய், ஊசி போட்டுக் குணப்படுத்தலாம் என்கிறார். பிறகு கதையை மொத்தமாக 1795க்குக் கொண்டுபோய், அவன் ஏன் இப்படி ஆனான் என்று மாதக்கணக்கில் சொன்னார்கள். அவன் கைவிட்ட ஒரு பெண், ஏஞ்சலிக், சூனியக்காரி, அவளுடைய சாபம். காதலித்த ஜோசெட்டையும் இழந்தான். 1967 நவம்பரில் அந்தக் கதை தொடங்கியபோது பார்த்தவர்கள், ஏழு மாதத்துக்கு முன்னால் எவனைக் கண்டு நடுங்கினார்களோ அவனுக்காக அழுதார்கள்.

தான் செய்வதை நினைத்து வருந்துகிற ரத்தக்காட்டேரி என்ற வகையே தொலைக்காட்சிக்கு இப்படித்தான் வந்தது. உட்கார்ந்து யோசித்து உருவாக்கியது இல்லை. நாளைக்கும் இவன் வேண்டும், அதற்கு இவனை என்ன செய்வது என்ற அவசரத்தில் பிறந்தது. சினிமாவில் இரண்டு மணி நேரம் கெட்டவனாக இருந்துவிட்டுச் செத்துப்போகலாம். வாரம் ஐந்து நாள் வீட்டுக்கு வருகிறவன் கொஞ்ச நாளில் சொந்தக்காரன் ஆகிவிடுகிறான்.

தொடர் மொத்தம் 1,225 பகுதிகள் ஓடி 1971 ஏப்ரலில் முடிந்தது. பெரும்பாலும் ஒரே மூச்சில் படம்பிடித்ததால் தப்புகள் அப்படியே இருக்கும். மேலே மைக் தொங்கும். நடிகர் வசனத்தை மறந்து தடுமாறுவார். ஃப்ரிட் வசனம் எழுதிக் காட்டுகிற பலகையைத் தேடிக் கண்ணை ஓட்டுவது தெரியும். ஆனால் அந்தத் தவிப்பு பார்னபாஸின் தவிப்பு மாதிரியே இருக்கிறது என்று ரசிகர்கள் அதையும் ஏற்றுக்கொண்டார்கள். பகல்நேர சீரியல்களின் பழைய நாடாக்களை அழித்துவிடுவது அந்தக் காலத்து வழக்கம். இந்தத் தொடரில் ஒரே ஒரு பகுதி தவிர மற்றவை எல்லாம் தப்பிப் பிழைத்திருக்கின்றன. சாகாதவன் கதை என்பதால் இருக்கலாம்!

மற்றவை ஏன் நிற்கவில்லை

பேயை எடுத்துக்கொள்வோம். பேய்க்கு ஒரு வீடு, ஒரு குறை. குறை தீர்ந்தால் போய்விடும். நம் பேய்ப் படங்கள் எல்லாம் இந்தக் கணக்கில்தான்: இடைவேளைக்கு அப்புறம் பழைய கதை, கடைசியில் பழிவாங்கல், சுபம். இரண்டரை மணி நேரத்துக்குச் சரியான அளவு. அதையே 200 நாள் இழுத்தால் பேய்க்கே சலித்துவிடும்.

நடைப்பிணம் பேசாது. அதனால் அந்தத் தொடர்களில் கதை எல்லாம் உயிரோடு இருப்பவர்களைப் பற்றித்தான். பிணங்கள் வெள்ளம், புயல் மாதிரி. ஓநாய் மனிதனுக்குப் பௌர்ணமி அன்று மட்டும்தான் வேலை. போதாததற்கு உருமாறும் காட்சிக்குச் செலவு அதிகம். ரத்தக்காட்டேரிக்கு என்ன செலவு? இரண்டு கோரைப்பல், கொஞ்சம் சிவப்புச் சாயம், நல்ல நடிகர் ஒருவர். மீதி எல்லாம் பேச்சு. சின்னத்திரை பேச்சை நம்பி வாழ்கிற ஊடகம்.

அதன் பசி தினசரிப் பசி. ஒவ்வொரு நாளும் அது முடிவெடுக்க வேண்டும், குடிப்பதா வேண்டாமா என்று. குடிப்பழக்கத்தை விட்டவர்கள் "இன்றைக்கு ஒரு நாள்" என்று எண்ணுகிற மாதிரி. இந்த ஒப்புமையைத் தொடர்கள் மறைப்பதே இல்லை. பீயிங் ஹ்யூமன் என்று பிபிசியின் தொடர் ஒன்று, 2009இலிருந்து 2013 வரை வந்தது. பிரிஸ்டல் நகரில் ஒரு ரத்தக்காட்டேரி, ஒரு ஓநாய் மனிதன், ஒரு பேய் மூன்றும் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன. டீ போட்டுக் குடித்துக்கொண்டு சாதாரணமாக வாழப் பார்க்கின்றன. அதில் ரத்தக்காட்டேரி மிட்செல் விட்ட பழக்கத்துக்குத் திரும்பிவிடாமல் தத்தளிப்பது எந்தக் குடிநோயாளியின் கதைக்கும் குறைந்தது இல்லை. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நான் சொல்கிற வித்தியாசமும் விளங்கும்.

முன்னால் சொன்ன 'உடம்போடு வருவது' இங்கேதான் உதவுகிறது. உடம்பு இருப்பதால் காதலிக்கலாம், சண்டை போடலாம், கல்யாண வீட்டில் கலந்துகொள்ளலாம். உள்ளே 200, 500 வருஷத்து நினைவு இருப்பதால் எப்போது வேண்டுமானாலும் பழைய காலத்துக்கு ஒரு பகுதி போய்வரலாம். அமெரிக்க உள்நாட்டுப் போர், 1920கள் என்று உடை மாற்றி அதே நடிகரை நடிக்கவைக்கலாம். கதை தீர்ந்துபோனால் பழைய காதலி ஒருத்தி சவப்பெட்டியிலிருந்து எழுந்து வருவாள். எழுத்தாளருக்கு இது வற்றாத கிணறு.

பஃபி செய்த மாற்றம்

1997 மார்ச் 10 அன்று 'பஃபி த வாம்பயர் ஸ்லேயர்' தொடங்கியபோது அதை ஒளிபரப்பிய டபிள்யூ.பி. தொலைக்காட்சிக்கே இரண்டு வயதுதான். உருவாக்கியவர் ஜாஸ் வீடன். ரத்தக்காட்டேரி துரத்தும்போது அலறி ஓடி, சந்தில் மாட்டிக்கொண்டு முதலில் சாகிற பொன்முடிப் பெண் ஹாலிவுட்டில் நிரந்தரப் பாத்திரம். அந்தப் பெண்ணே திரும்பி நின்று அதை அடித்து வீழ்த்தினால் எப்படி இருக்கும் என்பதுதான் தொடரின் விதை. கலிஃபோர்னியாவில் சன்னிடேல் என்ற கற்பனை ஊர். பள்ளிக்கூடத்துக்கு அடியிலேயே நரகத்தின் வாசல். பள்ளி நாட்கள் யாருக்கு நரகமாக இருந்ததோ அவர்களுக்கு இந்த இடம் உடனே புரிந்துவிடும்.

பஃபியின் சாமர்த்தியம், வளரும் பிள்ளைகளின் பயங்களை எடுத்து அவற்றுக்குப் பல் வைத்தது. உதாரணம் ஒன்று சொன்னால் போதும். ஏஞ்சல் என்ற ரத்தக்காட்டேரி பஃபியின் காதலன். முன்பு பெரிய கொலைகாரன். சாபத்தால் அவனுக்கு ஆன்மா திரும்பி வந்ததால் செய்த பாவத்தை எல்லாம் நினைத்து வாடிக்கொண்டிருக்கிறான். சாபத்தில் ஒரு கண்ணி உண்டு: ஒரு கணம் முழு மகிழ்ச்சியை அனுபவித்தால் ஆன்மா போய்விடும். பஃபியின் 17ஆவது பிறந்தநாள் இரவில் இருவரும் சேர்கிறார்கள். காலையில் அவன் ஆளே மாறிப்போய், அவளைக் கேவலமாகப் பேசிவிட்டுப் போகிறான். 1998 ஜனவரியில் வந்த பகுதிகள் இவை. "அதுவரைக்கும் நன்றாக இருந்தான், அதற்கப்புறம் வேறு ஆளாகிவிட்டான்" என்பது எத்தனையோ பெண்கள் நிஜ வாழ்க்கையில் சொல்கிற வாக்கியம். அந்த வாக்கியத்தைத் தொடர் அப்படியே நடத்திக் காட்டியது. மே மாதம் அந்தப் பருவத்தின் (சீசனின்) முடிவில், அவனுக்கு ஆன்மா திரும்பிய அந்த நிமிஷத்திலேயே, உலகம் அழியாமல் இருக்க அவள் அவனை வாளால் குத்த வேண்டியிருக்கும்.

இவ்வளவு பூதங்களைக் கொன்றவளால் ஒரு சாதாரணச் சாவைத் தடுக்க முடியாமல் போன பகுதியும் இருக்கிறது. 2001 பிப்ரவரியில் வந்தது. பஃபியின் அம்மா மூளையில் ரத்தக்குழாய் வெடித்து வீட்டு சோஃபாவிலேயே இறந்துகிடக்கிறாள். மந்திரம் காரணமில்லை, எதிரி இல்லை. பின்னணி இசைகூட இல்லை. அமானுஷ்யத் தொடர் ஒன்று தன் அமானுஷ்யத்தை எல்லாம் இறக்கிவைத்துவிட்டு நிற்கிற அந்த முக்கால் மணி நேரத்தை, சாவைப் பற்றித் தொலைக்காட்சியில் வந்த மிகச் சிறந்த பகுதிகளில் ஒன்றாக நான் சொல்வேன். 144 பகுதிகளோடு 2003இல் தொடர் முடிந்தது. அதைப் பற்றி ஆய்வு செய்யவே பேராசிரியர்கள் ஓர் இதழ் தொடங்கினார்கள்.

அதற்குப் பிறகு வந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். எச்பிஓவின் 'ட்ரூ பிளட்' (2008 முதல் 2014) அரசியல் பேசியது. ஜப்பானியர்கள் செயற்கை ரத்தம் கண்டுபிடித்துவிட்டதால் ரத்தக்காட்டேரிகள் ஒளிவதை விட்டு வெளியே வந்து குடியுரிமை கேட்கின்றன. லூயிசியானாவின் சின்ன ஊர் ஒன்று அதை எப்படி எடுத்துக்கொள்கிறது என்பது கதை. ஒருபால் ஈர்ப்பினர் உரிமை பற்றி அந்த நாட்டில் அப்போது நடந்த சண்டையை நினைக்காமல் அதைப் பார்க்க முடியாது. தொடக்கப் பருவங்கள் அபாரம், பிற்பாதி கண்டபடி போய்விட்டது. 2019இல் வந்த 'வாட் வீ டூ இன் த ஷேடோஸ்' எல்லாவற்றையும் கேலி செய்தது. நியூயார்க்கின் ஸ்டேட்டன் ஐலண்டில் ஒரே வீட்டில் வசிக்கிற உதவாக்கரை ரத்தக்காட்டேரிகள். அவர்களில் காலின் ராபின்சன் என்பவர் ரத்தமே குடிப்பதில்லை. ஆபீஸில் பக்கத்தில் உட்கார்ந்து வளவளவென்று பேசிப் பேசியே எதிரில் இருப்பவரின் சக்தியை உறிஞ்சிவிடுவார். இந்த வகையை நம் எல்லாருக்கும் நேரில் தெரியும்.

இந்தியாவிலும் இதே கணக்கு பலித்தது, வேறு உருவத்தில். 2015இல் ஹிந்தியில் தொடங்கி, மொழிமாற்றமாகி நம் வீடுகளுக்கு 'நாகினி'யாக வந்த தொடரை நினைத்துப் பாருங்கள். நீண்ட ஆயுள், மனித உடம்பு, பழைய பகை, மனிதனோடு காதல், யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற ரகசியம். கோரைப்பல்லுக்குப் பதில் நாகம், கோட்டுக்குப் பதில் பட்டுப்புடவை. மாமியார் மருமகள் சீரியலுக்குள் அது எவ்வளவு சுலபமாக உட்கார்ந்துகொண்டது! டார்க் ஷேடோஸும் அடிப்படையில் குடும்ப சீரியல்தானே.

குறையும் சொல்ல வேண்டும். 162 வயது ஆள் 17 வயதுப் பெண்ணைக் காதலிப்பதை இந்தத் தொடர்கள் மிகச் சுலபமாகக் கடந்துபோகின்றன. தூங்குகிற பெண்ணை ஜன்னலோரம் நின்று பார்த்துக்கொண்டிருப்பதைக் காதல் என்று காட்டுகிறார்கள். நிஜத்தில் அதற்குப் போலீஸைக் கூப்பிட வேண்டும். இன்னொன்று, செத்தவர்கள் எல்லாம் திரும்பி வந்துகொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் சாவுக்கு மதிப்பு போய்விடும். மூன்றாவது முறை இறப்பவருக்கு நான்காவது துளிக் கண்ணீர் யாருக்கும் வராது. அப்புறம் நடிகர்களின் வயது. வருஷா வருஷம் தொடர் ஓட ஓட, என்றும் இளமையான அந்த முகத்தில் சுருக்கம் விழும், இடுப்பு பருக்கும். எந்த மோதிரமும் அதைத் தடுப்பதில்லை.

சரி, அந்தப் பையன் ஏன் பள்ளிக்கூடம் போகிறான்? நான் கண்டுபிடித்த பதிலை மருமகளிடம் சொன்னேன். அவன் 17 வயதில் நின்றுபோனவன். சுற்றி இருப்பவர்கள் எல்லாரும் பரீட்சை எழுதி, வேலைக்குப் போய், கிழவர்களாகி, போய்ச்சேர்கிறார்கள். அவனுக்கு மட்டும் அந்த அடுத்த வகுப்பு கிடையாது. பள்ளிக்கூடத்தில்தான் எல்லாரும் இன்னும் அவன் வயதில் இருக்கிறார்கள்.

"இல்ல மாமா, அவன் எலெனாவைப் பாக்கப் போறான்" என்றாள்.

புதிதாகத் தொடங்க நினைப்பவர்களுக்கு: பதின்வயதுப் பிள்ளைகளோடு பார்ப்பதென்றால் பஃபி, ஆனால் முதல் பருவத்தின் மட்டமான தொழில்நுட்பத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்; இரண்டாம் பருவத்தில் நிமிர்ந்துவிடும். ட்ரூ பிளட்டைப் பெரியவர்கள் மட்டும், பிள்ளைகள் தூங்கிய பிறகு. சிரிக்க வேண்டுமென்றால் ஸ்டேட்டன் ஐலண்டுக்காரர்கள். டார்க் ஷேடோஸை முதலிலிருந்து பார்க்க வேண்டாம், 200 பகுதிகளுக்கு மேல் காத்திருக்க வேண்டிவரும். நேராக 210ஆவது பகுதிக்குப் போங்கள். ஒருவன் சங்கிலியைக் கழற்றிக்கொண்டிருப்பான்.